யப்பானின் வயலும் அடுப்படியும்

ஒரு நாட்டின் கமத்தொழிலைப் படிக்க விரும்புபவர்கள் முதலில் அந்நாட்டு மக்களின் அடுப்படிக்குள் போகவேண்டும் என்பது எமது எண்ணம். வயலில் என்ன விளைகிறது என்பதை அரசாங்கத்தின் புள்ளிவிபரப் புத்தகம் சொல்லிவிடும். விளைந்தது எங்கே போகிறது, அதை யார் உலர்த்துகிறார்கள், யார் உப்பிடுகிறார்கள், தட்டுப்பாடு வந்தால் எந்தப் பானையைத் திறக்கிறார்கள் என்பதெல்லாம் அடுப்படியில்தான் தெரியவரும். இந்த எண்ணத்தோடுதான் 2024 ஆம் ஆண்டு ஐப்பசிக் கடைசியில், கமத்தொழில் படிக்கும் எமது இளையோர் ஒன்பது பேரை அழைத்துக்கொண்டு யப்பான் நாட்டுக்குப் போய் மூன்று வாரம் தங்கி வந்தோம். ஒன்பது பேரில் ஏழு பேர் இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள். அவர்களுள் மூவர் தங்கள் பேரன் பேர்த்தி உழுத காணியை இன்னும் கண்ணால் கண்டதில்லை.

யப்பான் என்றதும் எங்கள் ஊர்களில் தண்ணீர் இறைக்கும் இயந்திரமும் வாகனங்களும்தான் நினைவுக்கு வரும். புறப்படுமுன் ஒரு பிள்ளையின் தகப்பனார், "ஃபாதர், அங்கை கமம் செய்யிற சனமும் இருக்கோ?" என்று கேட்டார். இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் வயோதிபர்களாக இருக்கிறார்கள். கமத்தையே முக்கிய தொழிலாகக் கொண்டோர் 2000 ஆம் ஆண்டில் அங்கே ஏறத்தாழ 24 இலட்சம் பேர். 2023 இல் அத்தொகை 12 இலட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. அவ்வாண்டில் அவர்களின் சராசரி வயது 68 ஐத் தாண்டியிருந்தது. நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு மலையும் காடும். பயிர் செய்யும் நிலம் எட்டில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. எஞ்சிய சமநிலத்தில் வீடும் வீதியும் தொழிற்சாலையும் நெற்காணியும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன.

சோறு உண்ணும் நாடு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் யப்பானில் சோறு குறைந்துகொண்டு போகிறது. 1962 இல் ஓர் ஆள் ஆண்டொன்றுக்கு 118 கிலோ அரிசி உண்டார். இப்போது 50 கிலோ அளவில் நிற்கிறது. அந்த இடத்தைப் பாணும் கோதுமை நூடில்சும் இறைச்சியும் எடுத்துக்கொண்டன. கோதுமையும் கால்நடைத் தீவனமும் கப்பலில் வருபவை. ஆகவே 1965 இல் மக்கள் உண்ட கலோரியில் 73 வீதம் சொந்த மண்ணில் விளைந்ததாக இருக்க, அண்மைய ஆண்டுகளில் அது 38 வீதமாகிவிட்டது. எமது பிள்ளைகளை மிகவும் திகைக்க வைத்தது சோயா அவரையின் கதை. யப்பானியரின் சோயா சோஸ், தோஃபு, மிசோ, நத்தோ எல்லாம் சோயாவில் செய்தவை. சோயா இல்லையென்றால் யப்பானியச் சாப்பாடே இல்லை. அந்தச் சோயாவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் அமெரிக்கா, பிரேசில், கனடா போன்ற நாடுகளிலிருந்து வருகிறது. நெல் மிகுந்துவிட்டது என்று கூறி, 1970களின் தொடக்கத்திலிருந்து 2018 வரை, நெல் விதைப்பைக் குறைக்கும்படி அரசாங்கமே கமக்காரருக்குப் பணம் கொடுத்துவந்தது. வயலைச் சும்மா விடுவதற்குச் சம்பளம் என்பதை எங்கள் ஊர்க் கமக்காரருக்கு எப்படி விளக்குவது என்று தெரியவில்லை.

நாம் போவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், 2024 ஆவணியில், ரோக்கியோவின் கடைகளில் அரிசித் தட்டுகள் வெறுமையாகக் கிடந்தன. முந்திய ஆண்டின் கடும் வெயிலில் நெல்லின் தரம் கெட்டிருந்தது. பெரும் நிலநடுக்கம் வரக்கூடும் என்ற எச்சரிக்கையினால் சனம் அள்ளி வாங்கியது. 2025 இல் 5 கிலோ அரிசிப் பையின் விலை 4,000 யென்னைத் தாண்டி, ஓராண்டுக்கு முந்திய விலையின் ஏறத்தாழ இரு மடங்காயிற்று. அரசாங்கம் அவசர காலத்துக்கென வைத்திருந்த களஞ்சியத்தைத் திறக்க வேண்டியதாயிற்று. நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்று பழகிய எமக்கு இச்செய்தி வேறு விதமாகக் காதில் விழுந்தது.

எல்லோரும் சேறு மிதிக்கும் பாடசாலை

முதல் பத்து நாட்களும் நாம் தங்கியது ரோக்கியோவுக்கு வடக்கே, தொச்சிகி மாகாணத்தின் நாசுசியோபராவில் உள்ள ஆசிய கிராமிய நிறுவனத்தில். தொசிகிரோ தகாமி என்ற யப்பானியப் போதகர் 1973 இல் இதை ஆரம்பித்தார். 1970 இல் கிழக்குப் பாகிஸ்தானை அழித்த பெரும் புயலின் பின் நிவாரணப் பணியில் ஈடுபட்டபோது, வெளியிலிருந்து வரும் உதவியைவிடக் கிராமத்துக்குள்ளேயே நிற்கக்கூடிய தலைவர்கள் தேவை என்று அவர் கண்டார். அவருக்கு 1996 இல் மக்சேசே விருது கிடைத்தது. 2018 இல் காலமானார். ஆசியா, ஆபிரிக்கா, பசுபிக் தீவுகளிலிருந்து வரும் கிராமிய ஊழியர்கள் சித்திரை முதல் மார்கழி வரை ஒன்பது மாதம் இங்கே பயில்கிறார்கள். இலங்கையிலிருந்தும் பலர் முன்பு போய்ப் படித்து வந்துள்ளனர். கிறிஸ்தவ நிறுவனம்தான். எனினும் வெவ்வேறு சமயத்தவரும் ஒரே மேசையில் உண்கிறார்கள்.

இங்கே பட்டம் இல்லை. பெரிய விரிவுரை மண்டபமும் இல்லை. காலையில் பணிப்பாளர் முதல் புதிதாக வந்த மாணவர் வரை எல்லோரும் சப்பாத்துப் போட்டுக்கொண்டு பன்றிக்கூட்டுக்கும் கோழிக்கூட்டுக்கும் காய்கறிப் பாத்திக்கும் போகிறார்கள். சமைப்பதும் முறை வைத்துத்தான். ஒருநாள் எமது பிள்ளைகளின் முறை வந்தது. மிளகாய்த்தூளைக் குறைக்கச் சொல்லி எவ்வளவு மன்றாடியும் அவர்கள் கேட்கவில்லை. கென்யாவிலிருந்து வந்த ஒரு சகோதரி கண்ணீர் வழிய இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டதை இங்கே பதிவு செய்யாமல் விட முடியாது.

இவர்கள் உண்பதில் மிகப் பெரும் பகுதியைத் தாமே விளைவிக்கிறார்கள். இரசாயனப் பசளையும் கிருமிநாசினியும் இல்லை. இதைக் கேட்டதும் எமது இளைஞர் ஒருவர் முகத்தைச் சுளித்தார். அவரில் குற்றமில்லை. 2021 இல் எம் நாட்டில் இரசாயனப் பசளையை ஒரே இரவில் தடைசெய்து, அதே ஆண்டு கார்த்திகையில் தடையை நீக்கியபோது, கமக்காரர் பட்ட நட்டம் அவருடைய வீட்டிலும் விழுந்தது. ஆனால் இங்கே கண்டது வேறு. பசளையை நிறுத்துவது கடைசிப் படி. அதற்கு முன் மண்ணைத் தயார்செய்ய ஐந்து, பத்து ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள். இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். யப்பான் முழுவதையும் எடுத்தால் சேதன முறையில் பயிரிடும் நிலம் நூற்றுக்கு ஒரு வீதம்கூட இல்லை. 2050 இல் அதை 25 வீதமாக்குவதாக அரசாங்கம் 2021 இல் இலக்கு வைத்திருக்கிறது. நடக்குமா என்று கேட்டபோது அங்கிருந்த கமக்காரர் சிரித்தார்கள்.

போகாஷி என்ற பசளையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். குறைந்த காணியும் சில கோழிகளும் மட்டும் உள்ள குடும்பத்துக்கு இது பயன்படும். நெல்லுத் தவிடு, பிண்ணாக்கு, கரியாக்கிய உமி, நல்ல மண் ஆகியவற்றைக் கலந்து தண்ணீர் தெளித்துப் பிசைகிறார்கள். தண்ணீர் அளவுதான் முக்கியம். ஒரு பிடி எடுத்துக் கையில் இறுக்கினால் கொழுக்கட்டைபோல் நிற்கவேண்டும். விரலால் தட்டினால் உதிரவேண்டும். நீர் சொட்டினால் கூடிவிட்டது, அழுகும். உதிர்ந்தே கிடந்தால் போதாது, புளிக்காது. மழை படாத இடத்தில் குவித்துச் சாக்கால் மூடினால் அடுத்த நாளே சூடேறும். 50 பாகையைத் தாண்டும்போது நாள்தோறும் கிளறி ஆற்றவேண்டும். ஒன்றிரண்டு கிழமையில் சூடு தணிந்து, நல்ல புளித்த வாசம் வந்து, உலர்ந்துவிடும். குப்பைப் பசளையைப்போல் மாதக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. வண்டி வண்டியாகக் கொட்டவும் தேவையில்லை. பயிரின் அடியில் கைப்பிடி கணக்கில் இடுகிறார்கள்.

உமியைக் கரியாக்கும் முறையும் இலகுவானது. ஓட்டையிட்ட தகரப் பேணியைக் கவிழ்த்து, மேலே புகைக்குழாய் பொருத்தி, உள்ளே நெருப்பு வைத்து, சுற்றிவர உமியைக் குவிக்கிறார்கள். உமி சுவாலை விட்டு எரியாமல் உள்ளிருந்து வெளியே மெல்லக் கறுத்துக்கொண்டு வரும். முழுவதும் கறுத்ததும் தண்ணீர் ஊற்றி அணைக்கவேண்டும். நேரம் தவறினால் சாம்பல்தான் மிஞ்சும். இந்தக் கரி நாற்றுமேடைக்கும் கோழிக்கூட்டின் நாற்றத்துக்கும் போகிறது. எமது பக்கத்து அரிசி ஆலைகளின் பின்புறத்தில் மலைபோல் குவிந்து கிடக்கும் உமியை நினைத்துக்கொண்டு நின்றோம்.

வயலில் தாராக்களைக் காண நாம் பிந்திவிட்டோம். நெல்லும் தாராவும் சேர்ந்த முறையை 1988 முதல் தெற்கே ஃபுகுவோகா மாகாணத்தில் தகாவோ ஃபுருனோ என்ற கமக்காரர் செம்மைப்படுத்தினார். பின்னர் அது ஆசிய நாடுகள் பலவற்றுக்கும் பரவியது. நாற்று நட்டு ஒன்றிரண்டு கிழமையில், கால் ஏக்கருக்கு இருபது குஞ்சுகள் அளவில் வயலுக்குள் விடுகிறார்கள். குஞ்சுகள் களையையும் பூச்சியையும் தின்னும். காலால் சேற்றைக் கலக்கும். எச்சம் பசளையாகும். நெற்பயிரின் ஓலை சொரசொரப்பாக இருப்பதால் அதைத் தீண்டாது. கதிர் வந்ததும் வெளியே எடுத்துவிடவேண்டும், இல்லாவிட்டால் கதிரையும் தின்றுவிடும். நரிக்கும் நாய்க்கும் காவலாக வயலைச் சுற்றி வலை கட்டவேண்டும். அந்தச் செலவை யாரும் சொல்வதில்லை, நாம் சொல்லிவைக்கிறோம். நாம் போன வேளை அறுவடை முடிந்திருந்தது. தாராக்களை நாம் சந்தித்தது சமையலறையில்.

உப்பும் வெயிலும் காலமும்

யப்பானியக் கிராமத்து வீட்டில் குளிர் காலம் நீண்டது. மார்கழி முதல் பங்குனி வரை பல இடங்களில் பனி மூடியிருக்கும், தோட்டத்தில் ஒன்றும் எடுக்க இயலாது. ஆகவே கோடையும் இலையுதிர் காலமும் சேமிப்புக்கான காலம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நாம் கண்ட வீடுகளின் தாழ்வாரமெங்கும் ஏதோ ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. முள்ளங்கி நீளமாகத் தொங்கியது. வாடி வளைந்ததும் தவிட்டிலும் உப்பிலும் அமுக்கிவிடுகிறார்கள். தோல் சீவிய காகி என்ற பழம் கயிற்றில் மாலைபோல் தொங்கியது. மரத்தில் இருக்கும்போது வாயைக் கட்டும் துவர்ப்புடைய பழம் அது. சில கிழமை காற்றில் உலர்ந்ததும் துவர்ப்பு நீங்கித் தேன் ஆகிவிடும். பச்சையில் உண்ண இயலாததை உலர்த்தி உணவாக்குவது பனங்கிழங்கையும் பனங்களியையும் அறிந்தவர்களுக்குப் புதிதல்ல. எமது பிள்ளை ஒருத்தி ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டு, "பினாட்டு மாதிரி" என்றாள். அப்படித்தான் இருந்தது.

மிசோ செய்வது பெரிய வேலை. சோறாக்கும் அரிசியை அவித்து, அதில் கோஜி எனப்படும் ஒருவகைப் பூஞ்சணத்தைத் தூவி, கதகதப்பில் இரண்டு நாள் வைத்தால் வெள்ளைப் பஞ்சு படர்ந்ததுபோல் ஆகும். அவித்து இடித்த சோயாவோடு இதையும் உப்பையும் கலந்து, உருட்டி, காற்றுப் புகாமல் பீப்பாவில் அடித்து இறுக்கி, மேலே கல் பாரம் வைக்கிறார்கள். ஆறு மாதம் முதல் ஒரு வருடம், சில வீடுகளில் மூன்று வருடம்வரை கிடக்கும். பூஞ்சணம் என்றாலே கழித்து எறியவேண்டும் என்று படித்துவந்த எமக்கு இது ஒரு பாடமாயிற்று. நல்ல பூஞ்சணத்தையும் கெட்ட பூஞ்சணத்தையும் நிறத்திலும் மணத்திலும் பிரித்தறிவது அங்கே பெண்கள் தாயிடம் பயின்ற கல்வி. உப்புப் புளிப்பான உமெபோசி இன்னொன்று. ஆனியில் பறிக்கும் புளிப்புக் காயை உப்பில் ஊறவைத்து, மாரி முடிந்து வெயில் பிடித்ததும் மூன்று நாள் தட்டில் பரப்பி உலர்த்துவார்கள். ஒரு காய் போதும், ஒரு கோப்பை சோறு இறங்கிவிடும். எமது மோர் மிளகாய் செய்யும் அதே வேலை.

இந்த அறிவெல்லாம் இப்போது கிழவிகளின் கையில்தான் நிற்கிறது. அவர்களின் பேரப்பிள்ளைகள் பட்டினத்தில் கடையில் பொதி செய்த மிசோவை வாங்குகிறார்கள். இதைக் கண்டுதான் 2005 இல் யப்பான் அரசு உணவுக் கல்விக்கென்று தனியான சட்டமே இயற்றியது. ஒரு கிராமத்துப் பாடசாலையில் மதிய உணவைப் பார்த்தோம். சிறுவர்களே வெள்ளைத் தொப்பி அணிந்து பரிமாறுகிறார்கள், கழுவுகிறார்கள். அன்றைய கீரை எந்த வயலிலிருந்து வந்தது என்று சுவரில் எழுதியிருந்தது. உண்ணுமுன் எல்லோரும் கைகூப்பி "இத்தாதாக்கிமாஸ்" என்கிறார்கள். தாழ்மையோடு பெற்றுக்கொள்கிறேன் என்று பொருள். உண்டு முடிந்ததும் சொல்லும் "கொச்சிசோசாமா" என்ற சொல்லின் அடியில், இந்த உணவுக்காக ஓடித் திரிந்தவர்கள் என்ற கருத்து கிடக்கிறதாம்.

சைத்தாமா மாகாணத்தில் ஒகாவா என்ற ஊரையும் பார்த்தோம். அங்கே 1971 முதல் சேதன முறையில் பயிரிட்ட யொசினோரி கனேகோ என்பவர், பத்துக் குடும்பங்களை நேரே சேர்த்துக்கொண்டு அவர்களுக்கு அரிசியும் காய்கறியும் கொடுத்துவந்தார். முதலில் மாதக் கட்டணம் வைத்தார், சில ஆண்டுகளுக்குள் பிணக்கு வந்து முறிந்தது. பிறகு விளைந்ததைக் கொடுப்பது, நன்றியாக விரும்பியதை வாங்குவது என்று மாற்றினார், அது நிலைத்தது. அயலவர்கள் பல ஆண்டுகள் ஒதுங்கியே நின்றனர். உள்ளூர்த் தோஃபு செய்பவர் ஒருவர் கிராமத்துச் சோயாவை நல்ல விலைக்கு எடுக்கத் தொடங்கியபோதுதான் அவர்கள் அசைந்தார்கள். கமக்காரரை மாற்றியது போதனை அல்ல, நிச்சயமான கொள்வனவு. 2010 இல் அக்கிராமத்துக்கு நாட்டின் உயர்ந்த கமத்தொழில் விருது கிடைத்தது. கனேகோ 2022 இல் காலமானார்.

மண்ணை இழந்தவர்களின் நாடு

இனி, உங்களுக்கென்றே எழுதவேண்டிய பகுதி.

2011 பங்குனி 11 ஆம் திகதி நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் யப்பானின் வடகிழக்குக் கரையைத் தாக்கின. ஃபுகுசிமா அணு மின் நிலையம் வெடித்துக் கதிர்வீச்சுப் பரவியது. அம்மாகாணத்தில் மட்டும் ஓரிலட்சத்து அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வீடு விட்டு எழுந்தனர். பெரும்பாலான இடங்கள் கமமும் கால்நடையும் மீன்பிடியும் நம்பிய ஊர்கள்.

கரையிலிருந்து உள்ளே, மலைமேல், ஈத்தாத்தே என்ற கிராமம் இருக்கிறது. ஆறாயிரம் பேர் அளவில் வாழ்ந்தனர். நெல், காய்கறி, பேர்பெற்ற மாட்டிறைச்சி அவர்களின் வருமானம். முதல் நாட்களில் கரையோரத்திலிருந்து ஓடிவந்தவர்களுக்கு இக்கிராமத்தவரே இடம் கொடுத்துச் சோறும் சமைத்துப் போட்டார்கள். பங்குனி 15 ஆம் திகதி காற்றுத் திரும்பியது. மழையும் பனியும் கதிர்வீச்சுத் துகளை அந்த மலைமேல் இறக்கின. சித்திரை 22 இல் அரசாங்கம் அவர்களையும் எழும்பச் சொன்னது. அடைக்கலம் கொடுத்தவர்கள் அகதிகளானார்கள். மாடுகளை விற்றார்கள், விற்க இயலாதவற்றைக் கொல்லக் கொடுத்தார்கள். மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த வீடுகள் பிரிந்தன. கிழவர்கள் தற்காலிகக் கொட்டில்களுக்கும், இளையோர் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காகப் பட்டினத்து மாடி வீடுகளுக்கும் போனார்கள். நட்ட ஈடு கிடைத்தது உண்மை. அதிலும் இந்த வீதிக்கு இவ்வளவு, அந்த வீதிக்கு அவ்வளவு என்று எல்லை பிரித்ததால் அயலவரிடையே பகை மூண்டது என்று கேள்விப்பட்டபோது எமது பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர்.

மண்ணுக்கு என்ன நடந்தது? சீசியம் என்ற கதிர்வீச்சுப் பொருள் களிமண்ணைப் பற்றிக்கொண்டு மேல் 5 சென்ரிமீற்றருக்குள் நின்றுவிடுகிறது. அதில் ஒரு வகை பாதியாகக் குறையவே 30 ஆண்டு வேண்டும். ஆகவே வயல்களின் மேல்மண்ணை 5 சென்ரிமீற்றர் சுரண்டி எடுத்துக் கறுப்புப் பைகளில் கட்டி அடுக்கினார்கள். அதற்குப் பதிலாக மலையிலிருந்து வெட்டிய மணலைக் கொட்டினார்கள். கமக்காரருக்கு விளங்கும், மேல்மண்தான் கமம். பாட்டன் காலம் முதல் எருவிட்டு ஆக்கிய கறுத்த மண் பைக்குள் போய்விட, கல்லும் மணலும் வயலானது. காணி விடுவிக்கப்படுவது ஒன்று, காணி மீண்டும் வயலாவது வேறொன்று என்பதை நாம் அங்கே கால் வைத்துப் பார்த்தோம்.

ஆனால் எல்லா வயலும் இப்படிச் சுரண்டப்படவில்லை. இங்குதான் கமக்காரரின் கெட்டித்தனம் வருகிறது. நெற்பயிருக்குச் சீசியமும் பொற்றாசியமும் ஒன்றுபோல் தெரியும். மண்ணில் பொற்றாசியம் குறைந்தால் வேர் சீசியத்தை இழுக்கும். போதிய பொற்றாசியம் இருந்தால் சீசியத்துக்கு இடமில்லை. ஆகவே பொட்டாஷ் பசளை இட்டார்கள், ஆழ உழுதார்கள். நிகொன்மத்சு நகரின் தோவா பகுதியில் கமக்காரரும் பல்கலைக்கழக ஆய்வாளரும் சேர்ந்து ஒவ்வொரு வயலாக அளந்து வரைபடம் போட்டனர். சூரியகாந்தி நட்டால் மண் சுத்தமாகும் என்று ஆரம்பத்தில் பெரிதாகப் பேசப்பட்டது. நட்டு அளந்து பார்த்ததில் பெரிய பயன் இல்லை என்று தெரிந்தது.

2012 முதல் ஃபுகுசிமாவில் விளைந்த அரிசி முழுவதும், ஒரு பைகூட விடாமல், சோதிக்கப்பட்டது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கோடி பைகள். கிலோவுக்கு 100 பெக்கரெல் என்பது வரம்பு. 2012 இல் 71 பைகள் வரம்பைத் தாண்டின. 2013 இல் 28, 2014 இல் 2. 2015 இலிருந்து ஒன்றும் இல்லை. 2020 இல் பெரும்பாலான இடங்களில் மாதிரிச் சோதனைக்கு மாறினார்கள். இருந்தும் ஃபுகுசிமா என்ற பெயரைக் கண்டதும் கைவிடும் வாடிக்கையாளர் இன்னும் உள்ளனர், விலையும் பல காலம் தாழ்ந்தே நின்றது. காட்டுக் காளானும் காட்டுக் கீரையும் சில இடங்களில் இன்னும் தடையிலேயே உள்ளன. காட்டைச் சுரண்ட இயலாது அல்லவா.

நாம் தங்கியிருந்த ஆசிய கிராமிய நிறுவனமும் தப்பவில்லை. நிலநடுக்கத்தில் கட்டடங்கள் உடைந்தன, மண்ணில் சீசியம் விழுந்தது. அவர்கள் சோதனைக் கருவி வாங்கி, தமது விளைச்சலை மட்டுமல்லாது அயல் கிராமத்தவர் கொண்டுவரும் காய், அரிசி, மண் எல்லாவற்றையும் அளந்து கொடுத்தனர். "நாங்கள் தின்னலாமா?" என்ற கேள்விக்கு அயலவருக்கு ஓர் இலக்கத்தில் விடை கிடைத்தது. பயமுறுத்தவும் இல்லை, பூசி மெழுகவும் இல்லை.

முன்பு சொன்ன உலர்ந்த காகிப் பழத்துக்கும் ஒரு கதை உண்டு. ஃபுகுசிமாவின் தாத்தே பகுதி அதற்குப் பேர்போனது. பழத்தில் சிறிது சீசியம் இருந்தாலும், உலர்ந்து தண்ணீர் போனதும் கிலோவுக்குரிய கணக்கு பல மடங்காகிவிடும். 2011 இலும் 2012 இலும் உலர்த்துவதையே நிறுத்தினார்கள். பாரம்பரிய அறிவே எதிரியாகிவிட்ட நிலை. கமக்காரர் வெறுமனே இருக்கவில்லை. கொட்டும் பனியில் ஒவ்வொரு மரத்திலும் ஏறிப் பட்டையைச் சுரண்டி, வேகமாகப் பீச்சும் தண்ணீரால் கழுவினார்கள். 2013 இல் சில கிராமங்களில் மட்டும் மீண்டும் பழம் தொங்கியது. பின்னர் ஆண்டுதோறும் கூடிவந்தது.

ஈத்தாத்தேயின் பெரும்பகுதிக்கு 2017 பங்குனி 31 இல் தடை நீங்கியது. கடைசியாக நின்ற நாகதொரோ குறிச்சியில் ஒரு பகுதி 2023 இல்தான் திறக்கப்பட்டது. இன்று அங்கே வாழ்வோர், புதிதாக வந்து குடியேறியோரையும் சேர்த்து, 1,500 பேர் அளவே. காட்டுப்பன்றியும் குரங்கும் பயிரை அழிக்கின்றன. வயல்கள் பலவற்றில் சூரிய மின்தகடுகள் நிற்கின்றன. நாம் சந்தித்த எழுபது வயதுக் கமக்காரர் ஒருவர் மணல் வயலில் மாட்டெருவும் பசுந்தாளும் போட்டு ஏழாவது போகம் அறுத்திருந்தார். பிள்ளைகள் வரமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். பிறகு ஏன் செய்கிறீர்கள் என்று எமது இளைஞர் மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டபோது, வயல் காடாகிவிட்டால் பிறகு யார் வந்தாலும் முடியாது என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு எமக்குத் தேநீர் ஊற்றப் போய்விட்டார்.

அக்கிராமத்துப் பேச்சில் "மதேய்" என்றொரு சொல் உண்டு. இரு கைகளாலும், பக்குவமாக, நேரமெடுத்து என்று பொருள். இடம்பெயருமுன்பே அவ்வூரவர் அச்சொல்லைத் தம் கிராம அபிவிருத்தித் திட்டத்தின் பெயராக வைத்திருந்தனர். இடம்பெயர்ந்த பெண்கள் அதை விடவில்லை. ஃபுகுசிமா நகரில் வாடகைக் காணி எடுத்து, தங்கள் ஊர்ச் சமையலான அரிசி மாப் பண்டங்கள், ஊறுகாய், பொதிச் சோறு செய்து விற்றனர். ஒவ்வொரு கூடையையும் சோதித்து, அரசின் வரம்பைவிடக் கடுமையான வரம்பைத் தாமே வைத்துக்கொண்டனர்.

அவர்கள் கொண்டுபோனவற்றுள் ஒரு பூசணி விதையும் இருந்தது. ஈத்தாத்தேயிலேயே பல ஆண்டுகள் தெரிந்தெடுத்து உருவாக்கிய, வெள்ளைத் தோலுடைய, மாப்பிடிப்பான பூசணி. வெளியே பரவத் தொடங்கும் வேளையில்தான் ஊர் எழும்பியது. வேறிடத்தில் நட்டு, வேறு பூசணியின் மகரந்தம் கலக்காமல் காத்து, ஆண்டுதோறும் விதையெடுத்து, இனம் அழியாமல் வைத்திருந்தனர். இப்போது மீண்டும் ஈத்தாத்தே மண்ணில் காய்க்கிறது.

அந்தப் பூசணியில் செய்த கறியை ஒரு மூதாட்டி எமக்குத் தந்தார். எமது முல்லைத்தீவுப் பிள்ளை அவரைப் பார்த்த மாத்திரத்திலேயே "ஆச்சி" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டாள். மொழிபெயர்ப்பாளரும் அதைத் திருத்தவில்லை. ஆச்சியிடம் ஐந்து விதை கேட்டாள். பிற நாட்டு விதையை அப்படிக் கொண்டுவர எம் நாட்டுத் தாவரத் தொற்றுத்தடைச் சட்டம் விடாது என்பதை நாம் எடுத்துச் சொன்னோம். ஆச்சி சிறிது யோசித்துவிட்டு, உங்கள் வீட்டில் என்ன பூசணி என்று கேட்டார். நிவாரணத்தில் வந்த விதை, பெயர் தெரியாது, ஆனால் பன்னிரண்டு வருடமாக அம்மா அதிலிருந்தே விதை எடுக்கிறா என்றாள் பிள்ளை. அப்படியானால் அதை எப்படிக் கலக்காமல் வைத்திருப்பது என்று காட்டுகிறேன் என்று ஆச்சி எழும்பினார். விடிந்தால் விரியப்போகும் ஆண் பூவையும் பெண் பூவையும் முதல் நாள் மாலையிலேயே அடையாளம் கண்டு, நூலால் வாயைக் கட்டிவிட்டு, காலையில் ஆண் பூவின் இதழைக் கழற்றிப் பெண் பூவில் தடவி, மறுபடியும் கட்டி, காம்பில் ஒரு நிற நூல் அடையாளம் வைக்கவேண்டும். பூக்காலம் முடிந்திருந்தபடியால் ஆச்சி அதைக் கடதாசியில் பூ மடித்துச் செய்துகாட்டினார். அந்தக் கடதாசிப் பூ இரண்டையும் பிள்ளை தன் கொப்பிக்குள் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள்.